இன்ஃப்ளூயன்ஸா புரதங்களும் அழற்சியும்: வாய்மொழித் தேர்வு கற்றுத்தந்த படிப்பு முறை

நுண்ணுயிரியல் முதுநிலைப் படிப்பின் வாய்மொழித் தேர்வில், "என்.எஸ்.1 புரதம் இன்டர்ஃபெரானை அடக்குகிறது என்கிறீர்கள்; அப்படியானால் கடுமையான இன்ஃப்ளூயன்ஸாவில் நுரையீரல் அழற்சி அவ்வளவு தீவிரமாவது ஏன்?" என்று தேர்வாளர் கேட்டபோது என்னால் விடை சொல்ல இயலவில்லை. (என்.எஸ்.1 என்பது இன்ஃப்ளூயன்ஸா வைரஸின் ஒரு புரதம்; இன்டர்ஃபெரான், வைரஸ் தொற்றியதும் செல்கள் வெளியிடும் எச்சரிக்கைப் புரதம்.) புரதங்களின் பணிகளை அட்டவணையாக மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, எது எந்தக் கட்டத்தில் செயல்படுகிறது என்று யோசித்ததில்லை. பின்னர் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே பாடம் முழுவதையும் மீண்டும் படித்தேன்.

விடை காலக்கணக்கில் இருக்கிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வை உணரும் ரிக்-ஐ ஏற்பி முழுமையாகச் செயல்பட டிரிம்25 நொதியின் துணை வேண்டும், என்.எஸ்.1 அந்த நொதியைத் தடுத்துவிடுவதால் முதல் எச்சரிக்கை தாமதமாகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் பெருகிப் பரவிவிட, பிறகு திரண்டு வரும் நோயெதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்களும் நியூட்ரோஃபில்களும், அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களான சைட்டோகைன்களை மிகுதியாகச் சுரந்து நுரையீரல் திசுவையே சேதப்படுத்துகின்றன. வைரஸின் எம்2 புரதமோ இதற்கு நேர்மாறாக அழற்சியை நேரடியாகவே தூண்டக்கூடியது: கோல்ஜி உறுப்பிலிருந்து புரோட்டான்களை வெளியேற்றி, செல்லுக்குள் அழற்சியைத் தொடங்கிவைக்கும் புரதத் தொகுப்பான என்.எல்.ஆர்.பி.3 இன்ஃபிளமசோமை இயக்குகிறது. அதன் வழியாக இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற சைட்டோகைன் வெளியாகிறது.

மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது, 2001இல் அறிவிக்கப்பட்ட பி.பி.1-எஃப்2 என்ற வைரஸ் புரதம். 1918 பெருந்தொற்று வைரஸில் இதன் 66ஆம் இடத்தில் வழக்கமான அமினோ அமிலத்துக்குப் பதிலாக செரீன் இருந்தது. அந்த மாற்றம் எலிகளில் நோயைக் கடுமையாக்கியது. 2009 பெருந்தொற்று வைரஸிலோ இப்புரதம் 11 அமினோ அமிலங்களோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த வைரஸில் முழுப் புரதத்தை மீண்டும் உருவாக்கிச் சோதித்தபோதும், விலங்குகளில் நோயின் கடுமை பெரிதாக மாறவில்லை. ஆகவே "பி.பி.1-எஃப்2 நோயைக் கடுமையாக்கும்" என்று பொதுப்பட எழுதாமல், எந்த வைரஸில், எந்த விலங்கில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வைரஸ் செல்லில் ஒட்டி நுழைய உதவும் ஹீமக்ளூட்டினின் புரதத்துக்குப் பிளவுத்தளத்தைக் குறிப்பிட்டால் போதும்; அந்த இடத்தில் வெட்டப்பட்டால்தான் வைரஸால் தொற்ற முடியும். எச்5என்1 போன்ற கொடிய பறவைக்காய்ச்சல் வைரஸ்களில் அதைப் பல உறுப்புகளில் உள்ள ஃபியூரின் நொதியே வெட்டிவிடுவதால், கோழிகளில் தொற்று உடலெங்கும் பரவுகிறது.

பயிற்சிக்கு நான் எழுதிப் பார்த்த வினா இது: 2012இல் கண்டறியப்பட்ட பி.ஏ-எக்ஸ், ஓம்புயிர்ச் செல்லின் தூது ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் புரதம். 1918 வைரஸில் அதை இழக்கச் செய்தபோது எலிகளுக்கு நோய் குறையாமல் கூடியது ஏன்? என்.எஸ்.1 பகுதியைப் புரிந்து படித்தவர்கள், புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இதற்குத் தாமாகவே ஒரு பத்தி எழுதிப் பார்க்கலாம்.