தும்பிக்கை வைத்த லை

11.11.2024, திங்கள்

பாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள், இன்று நாலாவது நாள். தெரிந்தும் தமிழ்ப் பாடத்தின் நடுவில் மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது தடவை முதல் பெஞ்சு சிரித்தது.

பீரோ சாவி கேட்டேன். "ஸ்டாக் சரிபார்த்துட்டுத் தர்றேன்" என்றார் ஹெச்.எம். ஜூலையிலும் இதே பதில்தான்.

12.11.2024

நெத்திலி. இந்த ஒரு சொல்லில் அரை மணி நேரம் போனது.

சுருட்டை முடிக்காரனுக்கு இருபது மீன் பெயராவது தெரியும். அவன் அம்மா கூடைக்காரி. சரி, தெரிந்த உலகத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று மத்தி, சங்கரா, பாறை, நெத்திலி என்று அட்டை எழுதிக் கொண்டுபோனேன். மத்தியைப் படித்தான். சங்கராவைத் தடவித் தடவிப் படித்தான். நெத்திலியில் "எ... ந..." என்று நின்றவன் நின்றவன்தான். அவன் மேல் என்ன தப்பு? ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போ என்று சொல்லிக்கொடுத்ததே நாம்தான். இந்த இடத்தில் மட்டும் ஒன்றைத் தாண்டிப் போய்த் திரும்பி வா என்கிறோம். கொ, கோ வந்தால் கேட்கவே வேண்டாம். முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற க.

மத்தியானம் அதையே விளையாட்டாக்கினேன். ஒருத்தி கையில் கொம்பு அட்டை, அடுத்தவன் கையில் ந. கொம்பு வரிசையில் முதலில் நிற்கும், ஆனால் ந வாயைத் திறக்கும்வரை பேசக் கூடாது. பேசினால் அவுட். வகுப்பில் இருக்கும் இருபத்தாறு பேரும் கொம்பாகத்தான் இருப்பேன் என்று அடம். ந-வாக நிற்க ஆள் கிடைக்கவில்லை, கடைசியில் நானே ந.

சுருட்டை கொம்பாக நின்றபோது மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

14.11.2024

குழந்தைகள் தினம். தேசிய நூலக வாரமும் இன்றுதான் ஆரம்பம். அதனால் பீரோ திறந்தது.

திறந்து, புத்தகங்களை மேசையில் விசிறி மாதிரி அடுக்கி, இரண்டு பக்கமும் சாமந்தி வைத்து, ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தோம். அட்டை கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் பிள்ளைகள் பக்கம் பின்னட்டைதான். இரட்டைச் சடைக்காரி மட்டும் நைசாகத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள். "நிமிர்ந்து பாரும்மா" என்று அவளை நிமிர்த்தியது நான். போட்டோ ஏற்றியாயிற்று. பீரோ பூட்டியாயிற்று. சாமந்தியைப் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே இருப்பதெல்லாம் அரசு நடத்தும் வாசிப்பு இயக்கத்தின் குட்டிப் புத்தகங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலை. பெயர் வைத்தவர் யாரோ, பிள்ளைகளைப் பார்த்தவர். கூடவே நாலாம், ஐந்தாம் வகுப்புக்கென்று வரும் ஊஞ்சல் இதழ்கள், கட்டுப் பிரிக்காமல். நுழைவதற்கே சாவி வேண்டியிருக்கிறது.

15.11.2024

அம்மா சாப்பிடவில்லை.

17.11.2024, ஞாயிறு

அம்மா பொட்டலக் காகிதம் படிக்கிறாள். நேற்று வாங்கின வேர்க்கடலையை என்னிடம் கொட்டிவிட்டு, காகிதத்தை நீவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், வீட்டில் புத்தகம் என்று எதுவும் இல்லை, படித்ததெல்லாம் கடைக்காரர் கட்டிக்கொடுத்த காகிதத்தில்தான். பாதிக் கதை இருக்கும். மீதியை அவளே சொல்வாள். ஒரே காகிதத்துக்கு எனக்கு ஒரு முடிவு, தம்பிக்கு வேறு முடிவு. அசல் முடிவு எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது.

இன்று படித்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

18.11.2024

எதிர்பார்க்காமல் நடந்தது. அம்மா எழுதிக்கொடுத்த மளிகைச் சீட்டு என் பையிலிருந்து வகுப்பில் விழுந்துவிட்டது. இரட்டைச் சடை எடுத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், யாருக்கோ எழுதத் தெரியல. லை தும்பிக்கை வச்சிருக்குது" என்றாள்.

கடலைப் பருப்பு, வெற்றிலை, கறிவேப்பிலை. மூன்று யானை. அம்மா இன்னும் பழைய லைதான் போடுவாள், மேலே தூக்கின தும்பிக்கையோடு. போர்டில் போட்டுக் காட்டினேன். ணை, லை, ளை, னை நாலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தன, 1978ல் அரசு மாற்றியது, பெரியார் அதற்கும் முன்னால் 1935லேயே தன் பத்திரிகையில் மாற்றி அச்சடித்தார் என்றேன். ஆண்டுகளை யாரும் காதில் வாங்கவில்லை. ஒரே கேள்விதான்: "இப்பவும் எங்கனா இருக்குதா டீச்சர்?"

தேடிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். பழைய கல்வெட்டு, பழைய கடை போர்டு, கோயில். பார்த்தால் அந்தச் சொல் முழுவதையும் நோட்டில் எழுதி வர வேண்டும், எந்த இடம் என்றும் எழுத வேண்டும். அவ்வளவுதான் விதி.

19.11.2024

பதினேழு பேர் நோட்டோடு வந்தார்கள். வீட்டுப்பாடம் கொடுத்தால் ஆறு பேர் வருவது வழக்கம்.

பாதிக்கு மேல் தும்பிக்கை இல்லாத சாதாரண லை. இருந்தாலும் எழுதி வந்திருக்கிறார்கள், ஏனென்றால் சந்தேகமாம். சாலை, விலை, நிலையம், கிளை, தலைமை. ஒருத்தி கோயில் ட்யூப்லைட்டின் மேல் எழுதியிருந்த "உபயம்" முதல் ஊர்ப் பெயர் வரை அப்படியே எழுதி வந்திருக்கிறாள். அந்த ட்யூப்லைட்டில் வெளிச்சத்தைவிட எழுத்து அதிகம்.

தேவனாம்பட்டினம் கடற்கரையை இப்போது வரிசையாகப் படித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று ஆயாம்மா சொன்னார். ஐஸ் பெட்டி, படகு, போஸ்டர், எதையும் விடுவதில்லையாம்.

சுருட்டை ஒன்றும் கொண்டுவரவில்லை.

20.11.2024

சுருட்டை கொண்டுவந்துவிட்டான். இடைவேளையில் தனியாக வந்தான். நோட்டில் எழுதாமல் உள்ளங்கையில் வரைந்திருந்தான். "அம்மன் துணை." ணை, தும்பிக்கையோடு. கரையில் கவிழ்த்துப் போட்ட பழைய படகு ஒன்றில் இருந்ததாம். கவிழ்ந்திருந்ததால் எழுத்தும் தலைகீழ். மணலில் படுத்துப் பார்த்தானாம்.

அந்தப் படகுக்கு முன்னால் எத்தனை படகு பார்த்தாய் என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னான், ஒவ்வொன்றின் பெயரோடு. பதினொன்று. நான் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். கையைக் கழுவச் சொல்ல மனம் வரவில்லை.

போன் இல்லை.

21.11.2024

ஐந்து விரல் கணக்கைச் செய்து பார்த்தேன். ஒரு பக்கம் படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் ஒரு விரலை மடக்கு, ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் உனக்கு இப்போது வேண்டாம், வேறு எடு. பயிற்சிகளில் சொல்வார்கள். நம் பிள்ளைகளிடம் இது பாதிதான் நடக்கிறது. தமிழில் எழுத்து கூட்டத் தெரிந்துவிட்டால் எதையும் சத்தமாகச் சொல்லிவிடலாம். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி கடகடவென்று ஒரு பக்கம் படித்து முடித்து, ஒரு விரலும் மடக்காமல் நின்றாள். ஆய்வுக்கு யார் வந்தாலும் அவளைத்தான் எழுப்பி நிறுத்துவோம். "என்னம்மா சொல்லுது கதை?" என்றேன். முழித்தாள். கதையில் ஒரு நரி இருந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

சுருட்டை ஒரு வரிக்கு மூன்று நிமிடம் எடுக்கிறான், ஆனால் நரி என்ன செய்யப் போகிறது என்று வரி முடியும் முன்பே சொல்கிறான். இத்தனை வருஷமாக நாங்கள் அளந்துகொண்டிருந்தது வேகத்தை. யாரைத் தூக்கி வைத்தோம், யாரைக் கடைசி பெஞ்சில் போட்டோம் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன், தூக்கம் வரவில்லை. அம்மாவும் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. இரண்டு பேரும் தூங்குகிற மாதிரியே கிடந்தோம்.

22.11.2024

சாவி வந்துவிட்டது! ஹெச்.எம். மீட்டிங்குக்குக் கிளம்புகிற அவசரத்தில், "காணாமப் போனா உங்க பொறுப்பு டீச்சர்" என்று மேசையில் போட்டுவிட்டுப் போனார். பயம் அவருடையது மட்டுமில்லை, தணிக்கையில் கணக்கு உதைத்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு புத்தகமும் கிழியாத பள்ளிக்கூடத்தில் யாரும் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

முப்பத்தொரு புத்தகம் வெளியே போனது. எது வேண்டுமோ நீயே எடு என்றதும் முதல் ஐந்து நிமிடம் யாரும் நகரவில்லை. அப்புறம் தள்ளுமுள்ளு. பதிவேட்டை அவர்களையே எழுதச் சொன்னேன். சுருட்டை தன் பெயருக்கு எதிரில் புத்தகத்தின் பெயரை எழுத ஒரு பாட நேரம் எடுத்துக்கொண்டான்.

25.11.2024

இருபத்திரண்டு திரும்பி வந்தன. ஒன்றில் குழம்பு. ஒன்றில் மீன் செதில் ஒட்டியிருந்தது, காய்ந்து மினுமினுவென்று. ஒன்றுக்கு அட்டை இல்லை, தம்பிப் பாப்பா தின்றுவிட்டதாம். இரட்டைச் சடை வீட்டில் அவள் பாட்டி மூன்று தடவை வாசிக்கச் சொன்னதில் கதை மனப்பாடமாகிவிட்டது, அடுத்தது வேண்டுமாம்.

வானம் சரியில்லை.

27.11.2024

மழை லீவு. சாவி என் கைப்பையில். வீட்டில் உட்கார்ந்து போனையும் சாவியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

29.11.2024

புயலாக மாறாது என்றார்கள், மாறிவிட்டது. பெயரை ஒரு சானலில் ஃபெங்கல் என்கிறார்கள், இன்னொன்றில் ஃபெஞ்சல், பேப்பரில் பெஞ்சல்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன். கை நடுங்கித்தான் எடுத்தேன். சுருட்டை. "டீச்சர், டிவியில கீழ ஓடுது பார்த்தீங்களா? புள்ளி புள்ளியா இருக்குமே அது வந்து, அப்புறம் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ப. நானே படிச்சேன். கொம்பு வாயைத் திறக்கல." பின்னால் அவன் அம்மா வலையை உள்ளே இழுக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. வைத்துவிட்டான்.

வைத்த கையோடு பாண்டி போன். ரிப்போர்ட் தயார், திங்கட்கிழமை நேரில் வந்து டாக்டரைப் பாருங்கள். போனில் சொல்ல மாட்டார்களாம்.

30.11.2024, இரவு

காற்று. ஜன்னலுக்குக் கோணி அடைத்திருக்கிறேன்.

1.12.2024

புயல் நேற்று ராத்திரி பாண்டிப் பக்கம் கரை ஏறிவிட்டது. அங்கே 46 சென்டிமீட்டர் மழையாம். கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அம்மா தலையணைக்கு அடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மீதிக் கதையைச் சொல்லேன் என்றேன். "நாளைக்குப் போயிட்டு வந்து" என்றாள்.

ஒன்பது புத்தகம் இன்னும் வெளியே இருக்கிறது. சுருட்டை வீடு கரையிலிருந்து எத்தனையாவது வரிசை என்று நான் கேட்டதே இல்லை.

2.12.2024, காலை

சாத்தனூர் அணையில் ராத்திரி திறந்துவிட்டார்களாம், பெண்ணையாற்றில் வருகிறது. பாண்டி ரோட்டில் பஸ் ஓடுமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஏழரைக்கு ஹெச்.எம். போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்க வைக்கப் போகிறார்கள், வராண்டாவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, பீரோவின் கீழ்த்தட்டை மேலே ஏற்ற வேண்டும், "சாவி உங்ககிட்டதானே டீச்சர்?"

குடையை எடுத்துவிட்டேன். அம்மா புடவை மாற்றி, பழைய சீட்டெல்லாம் இருக்கிற மஞ்சள் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எந்தப் பக்கம் போறோம்?" என்கிறாள்.