தொண்டை வலி தொத்துமா?

மழைக்காலம் ஆரம்பிச்சா போதும், ஸ்கூல் வாசல்ல நிக்கிற அம்மாக்கள் பேச்சே இதுதான், பெரியவனுக்கு தொண்டை வலி, சின்னவளுக்கும் தொத்திக்குமான்னு. பெரும்பாலும் தொத்தும்ங்க. ஏன்னா முக்கால்வாசி தொண்டை வலிக்கு காரணம் சளி பிடிக்க வைக்கிற வைரஸ்தான், இருமல் தும்மல்ல, மூக்கைத் துடைச்ச கையில, ஒரே தம்ளர்ல வாய் வச்சு குடிக்கிறதுலன்னு பரவிட்டே இருக்கும். கத்திப் பேசினது, தூசி அலர்ஜி, அசிடிட்டி மேல ஏறுறது, இதுல வர்ற வலி யாருக்கும் ஒட்டாது.

வைரஸ்னா ஒரு வாரத்துல தானா போயிடும். வெதுவெதுப்பான தண்ணி ஒரு தம்ளர், அரை டீஸ்பூன் உப்பு, அண்ணாந்து கொப்பளிச்சு துப்பணும், வலி தாங்கலன்னா பாராசிட்டமால். மிளகு தட்டிப்போட்ட பனங்கற்கண்டு பால் இதமா இருக்கும், ஆனா அது கிருமிய கொல்லாது. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் நக்க குடுக்கவே கூடாது.

எனக்கு மனசு கேக்காத விஷயம், மெடிக்கல்ல போய் "தொண்டை வலிக்கு ஏதாவது குடுங்கண்ணே"ன்னு நின்னு அசித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்க வாங்கி முழுங்குறது. வைரஸ ஆன்டிபயாடிக் ஒண்ணும் பண்ணாது, நாளைக்கு நெஜமாவே தேவைப்படும்போது அந்த மாத்திரை கேக்காம போறதுதான் மிச்சம்.

அதுக்காக அசால்ட்டாவும் விடக்கூடாது, ஸ்ட்ரெப்னு ஒரு பாக்டீரியா இருக்கு, 5 முதல் 15 வயசு புள்ளைங்களுக்கு அதிகமா வரும். இருமல் மூக்கொழுகல் எதுவும் இல்லாம திடுதிப்புனு காய்ச்சல், எச்சில் முழுங்கவே அழுவுது, தாடைக்கு கீழ தொட்டா நெறி கட்டி வலிக்குது, மொபைல் டார்ச் அடிச்சு பாத்தா டான்சில் செக்கச்செவேல்னு வீங்கி வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்கு, இப்படின்னா நேரா டாக்டர்தான். அவர் பாத்துட்டு தேவைன்னா தொண்டைல பஞ்சு வச்சு எடுத்து டெஸ்ட் பண்ணுவார். ஸ்ட்ரெப்னு உறுதியானா பென்சிலின் இல்லன்னா அமாக்ஸிசிலின்னு ஆன்டிபயாடிக் குடுப்பார், வழக்கமா 10 நாள். மருந்து ஆரம்பிச்சு 24 மணி நேரம் ஆகி காய்ச்சலும் விட்டா அடுத்தவங்களுக்கு தொத்துற பயம் ரொம்ப குறைஞ்சிடும், ஸ்கூலுக்கு அனுப்பலாம். புள்ளையும் சீக்கிரமே ஓடி ஆட ஆரம்பிச்சிடும், சரியாயிடுச்சேன்னு மீதி மாத்திரைய அலமாரில போட்டுடாதீங்க. சரியா வைத்தியம் பாக்காம விட்டா சில புள்ளைங்களுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வையே கெடுத்துடும், நம்ம நாட்டுல இன்னும் அது ஒழியல.

வாயத் தொறக்கவே முடியல, எச்சில் வழியுது, மூச்சுக்கு திணறுதுன்னா மட்டும் விடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க, அப்பவே கேஷுவாலிட்டிக்கு தூக்கிட்டு ஓடிடுங்க.