அவுட்டோர் வேலைக்கு வரணும்னு கேக்கறவங்களுக்கு

இன்ஸ்டால ஒரு பனிமலை போட்டோ போட்டா போதும், அன்னைக்கு ராத்திரியே மெசேஜ் வர ஆரம்பிச்சிரும், "அண்ணா ட்ரெக் லீடர் ஆகணும், என்ன கோர்ஸ் படிக்கணும்", "ஐடி வேலைய விட்டுட்டு வந்துரலாமாண்ணா" இந்த ரேஞ்சுல. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால தெரிஞ்சதெல்லாம் இங்கயே எழுதிடறேன், இனிமே கேக்கறவங்களுக்கு இந்த லிங்க்கதான் அனுப்புவேன், கோச்சுக்காதீங்க.

அந்த போட்டோல நான் இருக்கேன், மலை இருக்கு, ஜாக்கெட் இருக்கு. டாய்லெட் டென்ட்டுக்கு குழி வெட்டினது இல்ல, விடியக்காலைல வாந்தி எடுத்த பையன் பக்கத்துல உக்காந்து பல்ஸ் எண்ணினது இல்ல, வீட்டுக்கு போகணும்னு அழுத புள்ளைய சமாதானப்படுத்தி பருப்பு சாதம் சாப்பிட வச்சது இல்ல. இந்த வேலைல முக்கால்வாசி அதுதான். ஏறறதுதான் ஆசைன்னா தாராளமா ஏறுங்க, லீவு போட்டு ஏறுங்க, அதுக்கு வேலைய மாத்தணும்னே இல்ல, சொல்லப்போனா இந்த வேலைக்கு வந்தப்பறம் உங்களுக்குன்னு ஏற நேரமே கெடைக்காது. அடுத்தவங்கள ஏத்தி பத்திரமா எறக்கறதுல உங்களுக்கு ஒரு சந்தோஷம் வருதான்னு மட்டும் பாருங்க, வந்தா மேல படிங்க.

இந்த தொழில் ஆரம்பிச்ச கதையும் அப்படித்தான். 1941ல, ரெண்டாம் உலகப்போர் நடந்துட்டு இருக்கு, குர்ட் ஹான்னு ஜெர்மனில இருந்து வந்த ஒரு வாத்தியாரும் லாரன்ஸ் ஹோல்ட்னு ஒரு கப்பல் கம்பெனிக்காரரும் சேந்து வேல்ஸ்ல அபர்டவிங்கற கடலோர ஊர்ல அவுட்வர்ட் பவுண்ட்னு ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கறாங்க. கப்பல் மூழ்கினா லைஃப்போட்ல வயசான மாலுமிங்க தாக்குப்பிடிக்கறாங்க, ஒடம்பு நல்லாருக்கற சின்னப்பசங்க மனசு விட்டு செத்துப்போறாங்கன்னு ஹோல்ட்டுக்கு ஒரு கவலை, அதுக்காக வந்த பயிற்சிதான் அது. அப்பறம் அமெரிக்கால அதே அவுட்வர்ட் பவுண்ட்ல வேலை பாத்த பால் பெட்ஸோல்ட், பசங்க நெறைய வராங்க ஆனா கூட்டிட்டுப் போக தயாரான லீடருங்க இல்லையேன்னு சொல்லி 1965ல வயோமிங்ல நோல்ஸ்னு லீடருங்கள உருவாக்கற ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாரு. அதே 1965லதான் நம்ம உத்தரகாசில நேரு பேர்ல நிம்னு மலையேற்றப் பயிற்சி நிலையம் வந்துச்சு.

சரி, கோர்ஸ். இந்த டிகிரி இருந்தாத்தான் வேலைன்னு நம்ம நாட்டுல எதுவும் இல்ல, பிஎட் படிச்சவங்க, சைக்காலஜி, விஸ்காம், எல்லாரும் இருக்காங்க (எஞ்சினியரிங் படிச்சவங்கதான் ஜாஸ்தி, நம்ம ஊர்ல எந்த வேலைய எடுத்தாலும் அப்படித்தானே). ஆனா மலை சம்பந்தப்பட்டதுன்னா பேசிக் மவுண்டனியரிங் கோர்ஸ், பிஎம்சின்னு சொல்வோம், அது இல்லாம பெரும்பாலும் உள்ள விட மாட்டாங்க. டார்ஜிலிங்ல ஹெச்எம்ஐன்னு மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கு, டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறின அடுத்த வருஷமே 1954ல ஆரம்பிச்சது, அந்த டென்சிங்தான் அங்க மொத ஃபீல்ட் ட்ரெய்னிங் டைரக்டர். உத்தரகாசில நிம், அப்பறம் மணாலி, பஹல்காம், அருணாச்சல்ல திராங்னு இன்னும் இருக்கு. எங்க சேந்தாலும் கிட்டத்தட்ட ஒரு மாசம், மொதல்ல பாறை, அப்பறம் மூட்டைய தூக்கிட்டு பேஸ் கேம்ப், அப்பறம் பனி, ஐஸ், கிளேசியர் (பனியாறு), சறுக்கினா ஐஸ் ஆக்ஸ், அதாவது பனிக்கோடாலிய வச்சு எப்படி நிறுத்திக்கறதுன்னு போகும். அதுல ஏ கிரேடு வாங்கினாத்தான் அட்வான்ஸ் கோர்ஸ், அதுலயும் ஏ வாங்கினா எம்ஓஐ, அதாவது மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன், இன்ஸ்ட்ரக்டர் ஆகணும்னா அதுதான் உங்க கோர்ஸ். கூடவே சர்ச் அண்ட் ரெஸ்க்யூ கோர்ஸும் இருக்கு. சீட் சீக்கிரம் ஃபுல் ஆயிடும், புக்கிங் தொறந்த அன்னைக்கே போட்டுருங்க. காலேஜ்ல என்சிசில இருக்கீங்கன்னா பட்டாலியன் ஆபீஸ்ல போய் கேளுங்க, என்சிசி வழியாவே கேடட்டுங்கள அனுப்பறாங்க, நெறைய பேருக்கு இது தெரியறதே இல்ல.

அந்த ஏ கிரேடு பத்தி கொஞ்சம். பிஎம்சில எல்லாரையும் சின்னச் சின்ன குரூப்பா பிரிச்சு ஒவ்வொண்ணையும் ஒரு 'ரோப்'னு சொல்வாங்க, சாப்பாடு, சாமான், திட்டு எல்லாமே ரோப்புக்கு மொத்தமாத்தான் வரும். எங்க பேட்ச்ல தெனமும் ஓட்டத்துல மொத ஆளா வந்தவன் பி வாங்கிட்டுப் போனான், நடுத்தரமா ஏறின ஒரு பொண்ணு ஏ வாங்கிச்சு. அந்தப் பொண்ணு கடைசியா நடக்கற ஆளோடயே நடக்கும், கிராம்பான் (பூட்ஸுக்கு அடில மாட்டற இரும்பு முள்ளு) ஸ்ட்ராப் மாட்டத் தெரியாம கை வெறச்சுப்போய் முழிக்கறவன் காலடில குனிஞ்சு மாட்டிவிடும், அப்பறம்தான் தன்னோடத மாட்டும். உஸ்தாத், அதாவது எங்க இன்ஸ்ட்ரக்டர், அதப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல, ஆனா எல்லாத்தையும் பாத்துட்டுதான் இருந்திருக்காரு.

ஹிந்தி கொஞ்சம் கத்துக்கங்க. இதுல அரசியல் பேச வரல, கயித்துல தொங்கிட்டு இருக்கும்போது மேல இருந்து உஸ்தாத் கத்தறது ஹிந்திலதான் இருக்கும், அதுக்கு சொல்றேன்.

ஆனா என்னக் கேட்டா பிஎம்சிக்கு முன்னாடியே பண்ண வேண்டியது ஃபர்ஸ்ட் எய்ட். ஸ்கூல்ல பேண்டேஜ் கட்டினோமே அது இல்ல, வைல்டர்னஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர், டபிள்யூஎஃப்ஆர்னு ஒண்ணு இருக்கு, எட்டுலேருந்து பத்து நாள் கோர்ஸ். டவுன்ல ஒருத்தன் விழுந்தா 108க்கு போன் போட்டு அவங்க வர வரைக்கும் பாத்துக்கிட்டா போதும். காட்டுக்குள்ள சிக்னலே இருக்காது, தூக்கிட்டு வரவே அரை நாள் ஆகும், அந்த அரை நாள் முழுக்க நீங்கதான் எல்லாம். அதனால தலைலேருந்து கால் வரைக்கும் தொட்டு செக் பண்ண, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருக்கா பல்ஸ், மூச்சு, நெனவு எல்லாம் எழுதி வைக்க, நடக்க வைக்கலாமா தூக்கணுமான்னு முடிவெடுக்க பழக்குவாங்க. போலி ரத்தம் பூசிட்டு ஒருத்தன் கத்துவான், நமக்கு நடிப்புன்னு தெரிஞ்சும் கை நடுங்கும், அந்த நடுக்கம் அங்கயே போறதுக்குத்தான் அவ்வளவு காச கட்டறோம். சர்டிஃபிகேட் சில வருஷத்துல காலாவதி ஆயிடும், புதுப்பிச்சுக்கணும்.

எந்த ஏரியால வேலை பாக்கப் போறீங்களோ அந்த ஏரியா வியாதிய படிங்க. இமயமலைன்னா உயரம், 3000 மீட்டருக்கு மேல தூங்கற எடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்க, ஒருத்தன் நேர் கோட்டுல நடக்க முடியாம தள்ளாடினாலோ சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ராத்திரி எத்தன மணியா இருந்தாலும் கீழ எறக்கிருங்க. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைன்னா வெயில், தேனீ, பாம்பு, திடீர்னு ஓடைல வர வெள்ளம். பாம்பு கடிச்சா இன்னும் கயித்தால இறுக்கிக் கட்டறதும் பிளேடால கீறறதும் நடக்குது, ரெண்டும் கூடாது, கடிச்ச கைய கால அசைக்காம வச்சு விஷமுறிவு மருந்து இருக்கற ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறதுதான் வைத்தியம். கெளம்பறதுக்கு முன்னாடியே அந்த ஆஸ்பத்திரி எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

எங்களுக்கு தேனி பக்கம், குரங்கணி பேரு காதுல விழாம இந்தப் பேச்சு எங்க ஊர்ல முடியாது. 2018 மார்ச் 11, கொழுக்குமலை பக்கம் இருந்து எறங்கி வந்துட்டு இருந்தவங்க காட்டுத்தீல மாட்டி இருபது பேருக்கு மேல இறந்து போனாங்க. மார்ச் மாசம், இடுப்பளவு காஞ்ச புல்லு, செங்குத்தான சரிவு, காத்து. தீ மேட்டப் பாத்து எவ்வளவு வேகமா ஏறும்னு தெரிஞ்சவன் அந்த மாசத்துல அந்தச் சரிவ வேற கண்ணோட பாப்பான். அதுக்கப்பறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னே தனி விதிமுறை வந்துச்சு. அதே சமயம் எல்லாம் தெரிஞ்சவங்களுக்கும் மலை இரக்கம் காட்டாது, 2022 அக்டோபர் 4ல உத்தராகண்ட்ல திரௌபதி கா டண்டா மலைல நிம் அட்வான்ஸ் கோர்ஸ் குரூப் மேலயே பனிச்சரிவு வந்துச்சு, 27 பேரோட உடல் கெடச்சது, அதுல சவிதா கன்ஸ்வாலும் ஒருத்தர், அந்த வருஷம் மே மாசம்தான் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறிட்டு வந்து அங்க இன்ஸ்ட்ரக்டரா இருந்தாங்க. இத பயமுறுத்தறதுக்கு எழுதல. அம்மா "இது ரிஸ்க் இல்லையாடா"ன்னு கேட்டா இல்லன்னு பொய் சொல்லாதீங்கன்னு சொல்றதுக்கு எழுதறேன்.

இனி எந்த சர்டிஃபிகேட்லயும் வராத பாகம். ஸ்கூல் கேம்ப்ல எட்டாவது பசங்கள நடத்திட்டுப் போறோம், மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்தறோம். "யாருக்காச்சும் கால் வலிக்குதா"ன்னு கேட்டா ஒருத்தனும் கை தூக்க மாட்டான், ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மானம் போயிடும்ல. அதனால கேக்கவே கூடாது, மொதல்ல நான் என் ஷூவையும் சாக்ஸையும் கழட்டிட்டு உக்காந்துப்பேன், எல்லாரும் கழட்டுங்கன்னு சொல்வேன். அப்பறம் ஒவ்வொரு குதிகாலா பாத்துட்டே வருவேன், செவந்து சூடா இருந்தா அது சாயங்காலத்துக்குள்ள கொப்புளம் ஆகும், அங்க இப்பவே டேப் ஒட்டி காஞ்ச சாக்ஸ் மாத்திட்டா அவன் நாளைக்கும் நடப்பான். இத பண்ணாத லீடர் மறுநாள் ஒருத்தனோட பைய சேத்து தூக்கிட்டு வருவாரு.

பாறை ஏறும்போதும் அதேதான். ஹார்னஸ் (இடுப்புல மாட்டற பெல்ட்) பக்கிள், முடிச்சு, கேரபினர் (கயித்த மாட்டற கொக்கி) பூட்டு, பிலே பண்றவரோட, அதாவது கயித்த புடிச்சு பாத்துக்கறவரோட டிவைஸ், இந்த நாலையும் கண்ணால பாத்தா பத்தாது, கையால புடிச்சு அழுத்திப் பாக்கணும், நூறாவது பையனுக்கும் மொத பையனுக்குப் பாத்த மாதிரியே. பாதில ஒரு புள்ள பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு அசைய மாட்டேங்கும், கீழ இருந்து மொத்த கிளாஸும் "கமான் கமான்"னு கத்தும், மொதல்ல அவங்கள அமைதியாக்குங்க. "மேல பாரு"ன்னும் சொல்லாதீங்க. "வலது முட்டிக்குப் பக்கத்துல ஒரு சின்ன படி இருக்கு பாரு கண்ணு, கால அங்க வைக்கறியா, இல்ல எறங்கிடலாமா"ன்னு கேளுங்க. எறங்கறேன்னா எறக்கிடுங்க, அதுல கொறச்சல் ஒண்ணும் இல்ல. சாயங்காலம் வட்டமா உக்கார வச்சு என்ன நடந்துச்சு, அதுல என்ன புரிஞ்சுது, நாளைக்கு என்ன மாத்தலாம்னு பேச வைக்கறதுக்கு டிப்ரீஃப்னு பேரு, நீங்க வாய மூடிட்டு இருந்தாத்தான் அது நல்லா வரும், இது எனக்கு பாறைய விட கஷ்டம்.

தமிழ்நாட்டுலயே வேலை கெடைக்குமான்னா, கெடைக்கும், ஆனா நீங்க நெனைக்கற எடத்துல இல்ல. 2024 அக்டோபர்ல வனத்துறை 40 பாதையோட ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சாங்க, அதுல கைடா இருக்கறது அந்தந்த மலைல இருக்கற பழங்குடி, உள்ளூர் ஆளுங்க, அதுதான் நியாயமும் கூட, யானை எந்தப் பக்கம் நிக்குதுன்னு வாசனைலயே சொல்றவர நகத்திட்டு நம்ம போய் நிக்கறதுல என்ன இருக்கு. வெளில இருந்து வரவங்களுக்கு வேலை பெரும்பாலும் ஸ்கூல் கேம்ப், தனியார் அவுட்டோர் சென்டர், கார்ப்பரேட் ட்ரெய்னிங், இல்லன்னா வடக்க போய் ட்ரெக்கிங் கம்பெனி. கடல் புடிக்கும்னா சென்னைக்குப் பக்கத்துல கோவளம் பக்கம் சர்ஃபிங், டைவிங்னா பாடி (PADI) அமைப்போட டைவ்மாஸ்டர் கோர்ஸ், அது தனி ரூட், சேர்றதுக்கே 40 டைவ் லாக் புக்ல இருக்கணும்.

காசு செலவில்லாத பயிற்சி ஒண்ணு சொல்றேன். பிப்ரவரிலேருந்து மே வரைக்கும் வெள்ளியங்கிரி தொறந்திருக்கும், ஏழு மலை. மொத ஆளா உச்சிக்குப் போகணும்னு ஓடாம கூட்டத்த பாத்துட்டே ஏறுங்க, யாரு தண்ணியே குடிக்கல, யாரு பேச்ச நிறுத்திட்டாங்க, யாரோட கால் எறங்கும்போது நடுங்குது. அடுத்த அரை மணில யாரு உக்காரப் போறாங்கன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. மூங்கில் குச்சியோட ஏறற அறுபது வயசு குருசாமிங்க தன் கூட்டத்த எப்படி நடத்தறாங்க, எங்க நிக்க வைக்கறாங்கன்னு கவனிங்க, அவங்க எந்த கோர்ஸும் பண்ணல.

கடைசியா சம்பளம். பெரும்பாலும் நாள் கணக்கு, சீசன் இருந்தா காசு, மழைக்காலத்துல கை காலி. வேலைய ஒடனே விட்டுறாதீங்க, லீவுலயும் சனி ஞாயிறுலயும் ஒரு சீசன் அசிஸ்டென்ட்டா போங்க, ஆறு மாச செலவுக்கு காசு சேருங்க, அப்பறம் முடிவெடுங்க. ஒரு எடத்துல சேர்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: எனக்கு இன்சூரன்ஸ் இருக்கா, ஒரு லீடருக்கு எத்தன பசங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தனுக்கு முடியலன்னா வண்டி எங்க நிக்கும் யாரு ஓட்டுவாங்க. "அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி"ன்னு பதில் வந்துச்சுன்னா டீய குடிச்சிட்டு கெளம்பி வந்துருங்க.