அழகர்மலைக்கு நடந்தே ஒரு நாள்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

இந்த மாதம் அழகர்மலையில் நடந்தே ஏறப்போகிறேன். கீழே அழகர்கோவிலில் தொடங்கி, பழமுதிர்சோலை முருகனைப் பார்த்துவிட்டு, அதற்கும் மேலே நூபுரகங்கைத் தீர்த்தம் வரைக்கும். ஏறி இறங்க எட்டு கிலோமீட்டர் வாக்கில் வரும். மலை ஏறிப் பழகியவர்களுக்கு இது காலை நடை. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற எனக்கு இதுதான் முதல் மலை.

மதுரையில் இருந்துகொண்டு அழகர்மலை தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டுக்குக் காவல் தெய்வமே அழகர்கோவில் வாசலில் இருக்கிற பதினெட்டாம்படிக் கருப்பசாமிதான். பிள்ளைகளுக்கு முடி இறக்கியது, காது குத்தியது, கிடா வெட்டிச் சோறு போட்டது எல்லாம் அந்த வாசல் பக்கம்தான். மலை மேலேயும் போயிருக்கிறோம், ஆனால் எப்போதும் வேனில், இல்லையென்றால் கோவில் பஸ்ஸில். குரங்குக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் மேலே இறக்கிவிடுவார்கள். கோவில்களைப் பார்த்தாயிற்று, மலையைப் பார்த்ததில்லை.

போன மாதம் சங்க நூலான பரிபாடலில் பதினைந்தாம் பாட்டைப் படித்தேன். இளம்பெருவழுதியார் பாடியது, இந்த மலையைப் பற்றியே ஒரு முழுப் பாட்டு. கண்ணனும் பலராமனும் அதில் வருகிறார்கள், ஆனாலும் புலவர் திரும்பத் திரும்ப மலையைத்தான் கும்பிடச் சொல்கிறார். போய்த் தொழ முடியாதவர்கள் இருக்கும் இடத்திலிருந்து கண்டாவது பணியுங்கள் என்கிறார். படித்ததிலிருந்து இது மனதை விட்டுப் போகவில்லை. போக முடியாதவர்களுக்குச் சொன்ன வழி அது. எனக்குக் கால் இருக்கிறது, மலை வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். பிறகு என்ன?

மேலூர் மதினியிடம் போனில் சொன்னேன். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிற ஆள் அவர். "வா, கூட்டிட்டுப் போறேன். ஆனா தை அமாவாசைக்கு முன்னாடி போயிரணும், அன்னைக்குக் கூட்டத்துல நடக்க ஏலாது" என்றார். தை அமாவாசை 29-ஆம் தேதி. அதனால் 25, சனிக்கிழமை என்று முடிவானது.

ஜனவரி 11, சனி

இன்று மார்கழி 27, ஆண்டாளுக்கு உகந்த கூடாரவல்லி. பாலும் வெல்லமும் நெய்யும் சேர்த்து அக்கார அடிசில் செய்தேன். இந்த அடிசிலுக்கும் நான் ஏறப்போகும் மலைக்கும் நேரடிச் சொந்தம் உண்டு. நூறு தடா, அதாவது நூறு பெரிய பானை, வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் தருவதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டது இந்த மலை அழகருக்குத்தான். நேர்ச்சையைப் பின்னாளில் இராமானுசர் வந்து நிறைவேற்றினார் என்றும், அதன்பிறகு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது ஆண்டாள் அவரை அண்ணன் என்று அழைத்தாள் என்றும் சொல்வார்கள். தங்கைக்காக ஒருவர் நூற்றாண்டுகள் கழித்து வந்து கடன் அடைக்கிற இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நடைப் பயிற்சியும் நடக்கிறது. காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம், அலுவலகத்தில் லிப்ட் இல்லாமல் படி. சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் தொடைக்கு ஒன்றும் தெரிவதில்லை, நாலு மாடிப் படி ஏறினால்தான் உடம்புக்கு மலை என்றால் என்னவென்று கொஞ்சம் புரிகிறது. புது ஷூ வாங்காதே, காலுக்குப் பழகிய பழசைப் போடு என்று மதினி சொல்லிவிட்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

பொங்கலுக்கு மேலூர் போனவள் இன்றுவரை தங்கிவிட்டேன். மதினி சும்மா விடவில்லை, "அந்தப் பக்கம் ஏறுறதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் பாரு" என்று காலையிலேயே கிடாரிப்பட்டிக்குக் கூட்டிப்போனார்.

அழகர்மலை ஒரே குன்று இல்லை, கிழக்கு மேற்காக நீளமாகப் படுத்திருக்கிற மலைத்தொடர். அதன் கிழக்குப் பக்கத்தில், மேலூரிலிருந்து அழகர்கோவில் போகிற வழியில் இருக்கிறது கிடாரிப்பட்டி. ஊரைத் தாண்டி மலையடிவாரம் போய்க் கொஞ்சம் ஏறினால் பெரிய குகைத்தளம். பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரில் சொல்வார்கள், உண்மையில் சமண முனிவர்கள் தங்கிய இடம். தரையில் வரிசையாகக் கல்படுக்கைகள். ஒரு மூலையில் சுனை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மேலே பாறை நெற்றியில் தமிழ்பிராமி எழுத்துகள், இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழையவை. மழைத் தண்ணீர் குகைக்குள் வழியாமல் இருக்க அந்தக் காலத்திலேயே பாறை விளிம்பில் காடி வெட்டியிருக்கிறார்கள்.

கல்வெட்டில் இருப்பது ராஜாக்கள் பெயர் இல்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மதுரைப் பொற்கொல்லர், உப்பு வணிகர், வெல்லம் விற்கிற பணித வணிகர், ஏர்க்கொழு விற்கிற கொழு வணிகர். கடைத்தெரு ஆட்கள் காசு போட்டு முனிவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கொழு விற்கிறவர் மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் எப்படி வந்திருப்பார், நடந்துதானே வந்திருப்பார், அதைத்தான் அந்தப் பாறையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பாறையில் தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கிறது, அது இந்த எழுத்துகளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

ஏற்றம் சின்னதுதான். ஆனாலும் இறங்கும்போது முழங்கால் லேசாக நடுங்கியது. "பாதத்தை நேரா வைக்காத, கொஞ்சம் சாய்ச்சு வை, சின்னச் சின்ன எட்டா வை" என்று மதினி முன்னால் இறங்கிக்கொண்டே சொன்னார். சரியாக இருந்தது.

ஜனவரி 25, சனி

இருட்டோடு கிளம்பி, முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். அப்பன்திருப்பதி தாண்டும்போது விடிந்துகொண்டிருந்தது, மலை முழுசாகத் தெரிய ஆரம்பித்தது. மதினி மேலூரிலிருந்து வந்து கோட்டை வாசலில் நின்றார். முதுகில் பை, கையில் ஒன்றும் இல்லை. கையில் பை வைத்திருந்தால் அது குரங்குக்குத்தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், கடலைமிட்டாய், மாற்றுப் புடவை, துண்டு.

கருப்பு வாசலில் கும்பிட்டுவிட்டுத்தான் மலையில் கால் வைக்க வேண்டும். உள்ளே சிலை என்று எதுவும் கிடையாது. சாத்திய பெரிய கதவுதான் கருப்பு, அதற்குத்தான் சந்தனம், மாலை, எலுமிச்சை, பக்கத்தில் நேர்ச்சை அரிவாள்கள். அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்த பதினெட்டு மந்திரவாதிகள் பிடிபட்டார்கள், அவர்களைப் புதைத்த படிகள்தான் இந்தப் பதினெட்டுப் படி, அவர்களோடு வந்த மலையாளத்துக் கருப்பு அழகரின் அழகைப் பார்த்து இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டது என்பது கதை. எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் கதவு முன்னால் யாரும் பொய்ச்சத்தியம் பண்ணமாட்டார்கள், இன்றைக்கும்.

ஆறரை மணிக்கு ஏற ஆரம்பித்தோம். வழி முழுக்கத் தார்ச்சாலைதான், இரண்டு பக்கமும் காடு. சாலையில் நடப்பது மலையேற்றமா என்று யாராவது கேட்டால், நடந்து பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். முதல் இரண்டு வளைவிலேயே மூச்சு வாங்கியது. மதினி நிறுத்தினார். "பேசிக்கிட்டே நடக்க முடியுதான்னு பாரு. பேச முடியலைன்னா வேகத்தைக் குறை, உக்காராத" என்றார். அதன்படி வேகத்தைக் குறைத்தேன், கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒரு சீருக்கு வந்துவிட்டது, அதற்குப் பிறகு பெரிதாகத் தொந்தரவு இல்லை. முதல்முறை ஏறுகிறவர்கள் முதல் அரைமணி நேரத்தை மட்டும் நிதானமாகக் கடந்துவிட்டால் போதும், மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

இனி மலையைச் சொல்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகான தை மாதம், எங்கே பார்த்தாலும் பச்சை, ஒவ்வொரு வளைவிலும் பச்சையின் நிறம் மாறுகிறது. வெயில் இன்னும் விழாத பக்கத்தில் ஈர மண் வாசம். மரங்களுக்குள் எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, எட்டிப் பார்த்தால் தெரியவில்லை, அடுத்த வளைவில் அதே சத்தம் இன்னும் கிட்டத்தில் வருகிறது. வேனுக்குள் இருந்தவரை இது எதுவுமே என் காதில் விழுந்ததில்லை. பாறை இடுக்குகளில் வேரைப் பாய்ச்சி நிற்கிற மரங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகிக் கீழே தென்னந்தோப்பும் கண்மாயும் வயலும் தெரிந்தன, தூரத்தில் எங்கள் மதுரை ஆனைமலை பனிக்குள் படுத்திருந்தது. நம்மாழ்வார் இளமை ஒளி கெடுவதற்கு முன்னால் இந்த மலையைப் போய்ச் சேருங்கள் என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அதில் கோவிலைச் சொல்வதோடு நிற்காமல் மலையைச் சொல்கிறார், அதைச் சூழ்ந்த மலைகளைச் சொல்கிறார், போகும் நெறியைக் கூடச் சொல்கிறார். அந்த நெறியில்தான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. மதினி பார்த்தும் பாராததுபோல் முன்னால் போனார்.

குரங்குகள் வழி முழுக்க. சும்மா போனால் அவையும் சும்மா இருக்கின்றன. வண்டியை நிறுத்திப் பிஸ்கட் போடுகிற இடங்களில்தான் பாய்ச்சலும் சண்டையும். சாலையோரம் ஒரு தாய்க்குரங்கு பிளாஸ்டிக் உறையை நக்கிக்கொண்டிருந்தது, குட்டி வயிற்றில் தொங்குகிறது. வருகிறவர்கள் பழமும் போட வேண்டாம், பாக்கெட்டும் போட வேண்டாம். காட்டில் அவற்றுக்கு வேண்டியது இருக்கிறது. நாங்கள் கண்ணில் பட்ட உறைகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டோம், பை சீக்கிரமே நிறைந்துவிட்டது.

பழமுதிர்சோலையில் நிறைய நேரம் நிற்கவில்லை. ஆறுபடைவீடுகளில் ஆறாவது, ஔவையிடம் சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று முருகன் கேட்ட இடமாகச் சொல்வது. அந்த நாவல் மரத்தைப் பார்த்துவிட்டு, வேலைக் கும்பிட்டுவிட்டு, ஒரு கடலைமிட்டாய் தின்றுவிட்டு மேலே கிளம்பினோம்.

அங்கிருந்து நூபுரகங்கை பக்கம்தான். திருமால் உலகளந்தபோது உயர்ந்த பாதத்தைப் பிரமன் கழுவ, காற்சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் இங்கே விழுந்தது என்பார்கள். சிலம்பாறு என்றும் பெயர். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வரும் வழியில், இந்த மலையிலுள்ள மூன்று பொய்கைகளைப் பற்றி மறையவன் ஒருவன் சிலப்பதிகாரத்தில் சொல்கிறான், புண்ணியசரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று. ஆக, தண்ணீருக்காகவே பேர் பெற்ற மலை இது. கீழே கோவிலில் உற்சவர் அழகருக்குத் திருமஞ்சனம், அதாவது நீராட்டு, இந்த நீரில்தான், வேறு நீர் பட்டால் திருமேனி கறுத்துவிடும் என்பது நம்பிக்கை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்கு வரும்போது இந்தத் தண்ணீரும் கூடவே வருகிறது. ஐப்பசியில் தைலம் சாத்துகிற தைலக்காப்புக்கு அழகரே மலையேறி இங்கே வந்து நீராடுகிறார்.

காவலுக்கு ராக்காயி அம்மன். அவளைக் கும்பிட்டுவிட்டு வரிசையில் நின்றோம். முறை வந்து தலையை நீட்டியதும் முதலில் குளிர்தான் தெரிந்தது, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. நடந்து வந்த வேர்வை உடம்பில் அந்தத் தண்ணீர் விழுவதற்கும், வண்டியில் வந்து இறங்கிக் குளிப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. கையில் பிடித்துக் குடித்தேன். பின்னால் நின்ற பாட்டி, "போதும் தாயி, வழி விடு" என்று தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

இறங்கும்போது மதினி சொல்லிக்கொடுத்த சின்ன எட்டு கை கொடுத்தது. ஏறுகிற எதிர்முகத்து வண்டிகளுக்காக ஓரமாக, பேசிக்கொண்டே இறங்கினோம். அண்ணன் போன பிறகு தான் எப்படி மலையேற ஆரம்பித்தார் என்பதை மதினி முதல்முறையாகச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

அடிவாரத்தில் அழகரைச் சேவித்துவிட்டு, பிரசாதத் தோசை வாங்கி மண்டபத்தில் உட்கார்ந்தோம். தடித்த தோசை, தோல் உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். நடந்த பசிக்கு ஆளுக்கு ஒன்று போதவில்லை, இன்னும் ஒன்று வாங்கிப் பிட்டுக்கொண்டோம்.

ஜனவரி 27, திங்கள்

கெண்டைக்கால் பிடித்திருக்கிறது, முழங்கால் பரவாயில்லை. நேற்று வெந்நீர் ஒத்தடமும் மதினி கொடுத்த தைலமும். அலுவலகத்தில் இன்றும் படியில்தான் ஏறினேன்.

பக்கத்து மேசைத் தோழி தன் அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் தேய்மானம். வேண்டாம், அவரைக் கோவில் பஸ்ஸில் ஏற்றிவிடு, நீ நட என்றேன். அம்மா மேலே ராக்காயி கோவிலில் உட்கார்ந்திருக்கட்டும், நீ போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேருமாகத் தீர்த்தமாடலாம். விடியற்காலையில் ஏறிவிட வேண்டும், வெள்ளி, கார்த்திகை, அமாவாசை நாட்களைத் தவிர்க்க வேண்டும், பங்குனி பிறந்துவிட்டால் தார் கொதிக்கும், அதனால் மாசிக்குள் போய்வந்துவிடச் சொன்னேன். நானும் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். மதினியிடம் இன்னும் கேட்கவில்லை, ராத்திரி போன் போட வேண்டும்.