அந்தோனியாரின் கண் போகும் இடம்

பாக்கு நீரிணையில் இருக்கிற கச்சதீவுக்கு, அந்தோனியார் திருவிழாவுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் கட்டவேண்டியது தண்ணீர். 285 ஏக்கர் நிலம், பற்றைக்காடு, மணல், சுற்றிவரக் கடல். குடிக்க ஊற்று இல்லை. வெள்ளி விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறுகிறவர் சனி பின்நேரம்தான் தன் வீட்டுக் கிணற்றைக் காண்பார். ஆளுக்கு ஐந்து லீற்றர் என்று வையுங்கள்: குடிக்க மூன்று, முகம் கழுவவும் பல் விளக்கவும் ஒன்று, மிச்சம் ஒன்று பக்கத்துத் தறப்பாள் கூடாரத்தில் இருப்பவருக்கு. அந்தக் கடைசி லீற்றரைக் கேட்டு யாராவது வருவார்கள். கடற்படையினர் தண்ணீர் ஏற்பாடு செய்வார்கள்தான். வெயிலில் வரிசையும் நீளும். ஒரே கலனில் கொண்டுபோகாமல் ஒன்றரை லீற்றர் போத்தல்களாகப் பிரியுங்கள். வள்ளத்தில் ஏறி இறங்கும்போது பாரம் தெரியாது, ஒன்று ஒழுகினாலும் மற்றது மிஞ்சும். வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.

நாள் விஷயத்தில் கன பேர் தடுமாறுகிறார்கள். பதுவை அந்தோனியாரின் திருநாள் யூன் 13. 1231இல் அவர் இறந்த நாள் அது. ஊர்களில் உள்ள அந்தோனியார் கோயில்கள் அந்த நாளை ஒட்டித்தான் கொடியேற்றும். கச்சதீவு மட்டும், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தில். காரணம் காற்று. யூனில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும், பாக்கு நீரிணையில் சிறு வள்ளத்துக்கு அது காலமில்லை. வடகிழக்கு வாடை ஓய்ந்து சோளகம் தொடங்குமுன், மாசி பங்குனியில் கடல் சற்று இளகிக் கிடக்கிற இடைவெளியில் திருவிழா வைக்கிறார்கள். 2024இல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பெப்ரவரி 14, திருவிழா 23, 24. 2025இல் திருநீற்றுப் புதன் மார்ச் 5, திருவிழா 14, 15. திருநீற்றுப் புதனிலிருந்து ஒன்பது நாள் தள்ளி எண்ணினால் பெரும்பாலும் அந்த வெள்ளி வந்துவிடும். ஆனாலும் மறைமாவட்டமும் மாவட்டச் செயலகமும் அறிவித்த பிறகே லீவு போடுங்கள்.

காற்றைப் பார்த்துக் குறித்த இந்த நாள் திருவிழாவின் உள்ளடக்கத்தையே மாற்றிவைத்திருக்கிறது. தவக்கால வெள்ளியில் வருவதால், ஒரு புனிதரைத் தேடிப் போகிற சனம் அங்கே போய், இயேசு சிலுவை சுமந்த வழியை நினைந்து செபிக்கும் சிலுவைப்பாதையிலும், அப்பத்தில் இயேசுவே இருக்கிறார் என்று நம்பி வணங்கும் நற்கருணை ஆராதனையிலும் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கும் தெரியாமல் போகிறவருக்கும் யாத்திரை ஒன்றாக இருக்காது.

சாப்பாடு. தவக்கால வெள்ளி என்பதால் அன்று இறைச்சி விலக்கு. கோழிப் பிரட்டல் கட்டிக்கொண்டு போய் நாள் நினைவு வந்து விழிக்காதீர்கள். தேங்காய்ப்பூச் சம்பல் வெள்ளி மத்தியானத்துக்கே புளித்துவிடும். வறுத்து இடித்த கட்டுச் சம்பலும் பாணும் தாங்கும். புழுக்கொடியல், பயத்தம் பணியாரம், எள்ளுப்பாகு இருந்தால் சனி காலை வரை கவலை இல்லை. உப்பும் உறைப்பும் கூடக்கூடத் தண்ணீர்க் கணக்கு பிழைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து, வள்ளம் ஏறுகிற குறிகட்டுவானுக்கு வழக்கமாக ஓடுவது 776. திருவிழா அன்று விடியுமுன்னரே விசேட பஸ்கள் ஓடும். பண்ணைப் பாலம் கடந்து, வேலணையைத் தாண்டி, வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்குள் இறங்கி, இறங்குதுறை. சொந்த வாகனத்தில் போகிறவர்கள் வேலணையில் சாட்டிச் சிந்தாத்திரை மாதா கோயிலில் ஒரு நிமிடம் நிறுத்துவது பழைய வழக்கம். சிந்து யாத்திரை, அதாவது கடற்பயணம், என்பதே சிந்தாத்திரை ஆனதாகச் சொல்வார்கள்.

குறிகட்டுவானில் தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், பையின் அடியில் இருந்தால் வரிசை முழுக்க உங்களைத் திட்டும். மதுபானம் சோதனையில் அகப்படும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஏறிய வள்ளத்தின் பெயரையும் இலக்கத்தையும் எழுதிவையுங்கள். திரும்பும்போது அநேகமாக அதிலேயேதான் ஏற வேண்டும். அங்கே கரையில் எல்லா வள்ளமும் ஒரே மாதிரித்தான் தெரியும். கடல் மயக்கம் உள்ளவர்கள் ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் குளிசை போட்டு, நடுவிலோ பின்பக்கமோ இருக்கட்டும். வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் காற்று நல்லது என்று போய் இருப்பவர்தான் முதலில் சத்தி எடுப்பார், அங்கேதான் ஆட்டம் அதிகம். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. உடுப்பை ஒரு பையில் இறுக்கிக் கட்டி வைக்காவிட்டால் உவர்த்தண்ணீர் தெறித்து இரவு முழுக்க ஈரத்தோடு படுக்க வேண்டிவரும். கைபேசி அக்கரையான இந்தியாவின் அலையைப் பிடிக்கக்கூடும், ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

தீவில் இறங்கியதும் எல்லோரும் செய்கிற பிழை, கோயிலுக்குக் கிட்ட இடம் பிடிக்க ஓடுவது. கிட்ட இருந்தால் இரவெல்லாம் ஆள் நடமாட்டம், ஒலிபெருக்கி. கொஞ்சம் தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டிய பற்றையின் ஓரம் நல்லது. மணலில் அடித்த முளை அரை மணித்தியாலத்தில் கழன்றுவிடும். ஒரு சாக்கில் மணல் நிரப்பி அதில் தறப்பாளின் கயிற்றைக் கட்டுங்கள். விடியப்புறம் பனி இறங்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தடித்த போர்வை வேண்டும்.

பழைய சிறு கோயிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரத்துச் சீனிக்குப்பன் படையாட்சி கட்டினார் என்று இரு கரையிலும் சொல்வார்கள். இப்போது திருப்பலி நடப்பது 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்ட புதுக் கோயிலில். 1974 இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்தியாவிலிருந்து வருகிற யாத்திரிகர் கடவுச்சீட்டு இல்லாமல் இங்கே வரலாம். 2024இல் மீனவர் கைதுகளை எதிர்த்து இராமேசுவரத்து வள்ளங்கள் வரவில்லை. அந்த வருடம் மணலில் பாதி இடம் வெறுமையாகவே கிடந்தது.

இனி, சொரூபத்தின் முன்னால். அங்கே மெழுகுதிரி கொளுத்துவதே ஒரு வித்தை. கடற்காற்று நாலு நெருப்புக் குச்சியைத் தின்றுவிடும். அனுபவப்பட்டவர்கள் வீட்டிலிருந்தே ஒரு கண்ணுச் சிரட்டை கொண்டுவருவார்கள். கண்ணை உள்ளே இருந்து சிறு கல்லால் அடைத்து, இரண்டு விரல் கனத்துக்கு ஈரமணல் இட்டு, திரியின் அடியை மணலுக்குள் ஊன்றி, சுடர் சிரட்டை விளிம்புக்குக் கீழே நிற்கிறமாதிரி திரியைக் கட்டையாக வெட்டிவிட வேண்டும். நீளத் திரி அழகு, ஆனால் விளிம்புக்கு மேலே வந்த சுடர் நிற்காது. வெள்ளி மாலையில் கோயிலைச் சுற்றி மணலில் இப்படிச் சிரட்டைகள் மினுங்கிக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: கடலுக்குப் போய் வராத பிள்ளை, தங்காத கரு, வெளிநாட்டுக்குப் போகக் கட்டிய காசு, பிடிபட்ட வள்ளம், காணாமல் போனவரின் படம்.

கேட்பதைக் கேவலமாக நினைக்கிற பக்தி ஒன்று உண்டு. அது சுவிசேஷத்தில் இல்லை. எரிக்கோ வழியில் கத்திக் கூப்பிட்ட பர்த்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசுவே கேட்டார். அவன் பார்வை கேட்டான், கிடைத்தது. மாற்கு அதோடு நிறுத்தவில்லை. கண் திறந்தவன் அவர் பின்னாலேயே வழி நடந்தான் என்று முடிக்கிறார். அந்த வழி எருசலேமுக்கு, சிலுவைக்குப் போகிற வழி. கேட்டது கையில் வந்த பிறகும் அவனுக்கு வேறொன்று தேவைப்பட்டது, கொடுத்தவரே தேவைப்பட்டார்.

சொரூபத்தையும் நின்று பாருங்கள். காணாமல் போன பொருளைத் தேடித் தருபவர், கோடி அற்புதர் என்று நாம் அவரைப் பார்க்கிறோம். பெரும்பாலான சொரூபங்களில் அவர் நம்மைப் பார்ப்பதில்லை. அவர் கையில் திறந்த வேதப் புத்தகம், அதன்மேல் குழந்தை இயேசு, அவருடைய கண் குழந்தையில். நாம் அவரிடம் வந்திருக்கிறோம். அவர் போய்ச் சேர்ந்த இடம் அது.

அவரும் கேட்டது கிடைக்காதவர்தான். லிஸ்பனில் பிறந்தவர். மொரோக்கோவில் கொல்லப்பட்ட பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் 1220இல் போர்த்துக்கலுக்கு வந்தபோது, தானும் அப்படி இரத்தம் சிந்த வேண்டும் என்ற ஆசையில் அதே சபையில் சேர்ந்து மொரோக்கோவுக்குக் கப்பல் ஏறினார். போன இடத்தில் நோய் விழுத்தியது. ஊர் திரும்பினால் காற்று கப்பலைச் சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. நினைத்த துறைக்கு வள்ளம் போகாத கதை நம் கரையூர்ச் சனத்துக்குப் புதிதில்லை. அங்கிருந்து இத்தாலி, பதுவை. சாகும் நேரத்தில் எதைப் பார்க்கிறீர் என்று பக்கத்தில் நின்றவர்கள் கேட்க, என் ஆண்டவரைக் காண்கிறேன் என்றாராம். விசுவாசத்துக்காக உயிர் கொடுக்கும் வேத சாட்சி முடியை அவர் திரும்பக் கேட்டதாக யாரும் சொல்லவில்லை.

ஆகவே கூட்டமாக ஆட்களைக் கூட்டிவருகிறவர்கள் சொல்லிக்கொடுக்கிற ஒரு முறை உண்டு. கேட்க வந்ததைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுவாருங்கள். கொடியேற்றத்தோடு சொரூபத்தின் முன் அதை முழுக்க, ஒன்றும் விடாமல் வாசித்துவிடுங்கள். பிறகு மடித்துப் பையில் போடுங்கள். சிலுவைப்பாதையில் அதை எடுக்க வேண்டாம். பதினான்கு நிலைகளுக்கும் மணலில் நடக்க வேண்டும். செருப்பைக் கழற்றுகிறவர்கள் முள்ளைப் பார்த்துக் கால் வையுங்கள், முழங்கால் ஏலாதவர்கள் நின்றபடியே செபிக்கலாம். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய நினைத்தால் சிலுவைப்பாதைக்கு முன்னமே போய்விடுங்கள். முடிந்த பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் போவார்கள், ஆராதனை தொடங்கும்போதும் நீங்கள் வரிசையில்தான் நிற்பீர்கள்.

ஆராதனையில்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். மெழுகுதிரி கொளுத்தியாயிற்று, நேர்த்தி கொடுத்தாயிற்று, சிலுவைப்பாதையும் முடிந்தது என்று தறப்பாளுக்குப் போய்ச் சாய்ந்துவிடுவார்கள். அக்கரைச் சவர்க்காரமும் சீலையும் விலைபேசப் போகிறவர்களும் உண்டு. அந்த நேரம், எல்லோரும் காணும்படி வைக்கும் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை பீடத்தில் இருக்கும். கடல் கடந்து வந்தது இதற்கு. ஒன்றும் கேட்காமல், கடதாசியை எடுக்காமல், பார்த்துக்கொண்டு இருங்கள். பத்து நிமிடத்தில் மனம் ஓடும்; வீட்டுக் கதவு பூட்டினோமா என்று நினைக்கும். ஓடினால் இழுத்துக்கொண்டு வாருங்கள், அவ்வளவுதான். பிடிமானம் வேண்டுமானால் 63ஆம் சங்கீதம் இந்தத் தீவுக்கென்றே எழுதினமாதிரி இருக்கும்: நீரில்லாத வறண்ட நிலத்தில் நின்று கடவுளுக்காகத் தாகப்படுகிறவன் பாடுவது, உம் அன்பு உயிரைவிட மேலானது என்று. தண்ணீர் கொடு என்று அவன் அதில் கேட்கவேயில்லை. சமாரியப் பெண்ணையும் நினைக்கலாம். தண்ணீர் மொள்ளக் குடத்தோடு கிணற்றுக்கு வந்தவள், இயேசுவோடு பேசிய பிறகு குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். யோவான் அந்தக் குடத்தை மறக்காமல் எழுதியிருக்கிறார்.

பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் இழப்பென்று தள்ளியவற்றில் பெரும்பாலானவை கெட்டவை இல்லை. குலம், வளர்ப்பு, சட்ட ஒழுக்கம், ஊரில் இருந்த மதிப்பு. எங்கள் கடதாசியில் இருப்பதும் நல்லவைதான்: பிள்ளை, சுகம், வள்ளம், வீசா. கிறிஸ்துவை அறிந்ததன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவற்றின் நிறை குறைந்தது என்கிறார். பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அது தெரியாது. அந்தப் பத்து நிமிடத்தில் நடப்பது அந்த நிறுவை.

சனி விடிய செபமாலை, பிறகு திருவிழாத் திருப்பலி. நன்மை, அதாவது நற்கருணை, வாங்குகிறவர்கள் ஒரு மணித்தியாலத்துக்கு முன் சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் குடிக்கலாம். கடைசி ஆசீர்வாதத்துக்கு முன் கரைக்கு ஓடவேண்டாம்; திருப்பலி முடியுமுன் ஓடி வெயிலில் நிற்பதில் ஆதாயம் ஏதுமில்லை. தறப்பாளை அவிழ்த்து, சாக்கு மணலைக் கொட்டி, சிரட்டைகளைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். அணைந்த திரியோடு அவற்றை விட்டுவந்தால் அடுத்தவர் காலில் ஏறும்.

ஒன்றை மறக்கிறார்கள். சனி காலைத் திருப்பலி ஞாயிறு திருப்பலிக் கடனைத் தீர்க்காது. களைப்பில் ஞாயிறு படுத்துவிடாமல் உங்கள் பங்குக் கோயிலுக்குப் போங்கள். தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு அது, திருப்பலி வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுற்றில் எந்த ஆண்டானாலும், மலையில் இயேசு ஒளியாய் உருமாறிய சுவிசேஷம்தான் வாசிப்பார்கள். மலையில் பேதுரு மூன்று கூடாரம் அடிக்கட்டுமா என்று கேட்கிறான். காலில் கச்சதீவு மணலும் கையில் கயிற்றுத் தழும்பும் இருக்கிறவருக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரும். பிறகு முகில் மூடுகிறது, மோசேயும் எலியாவும் இல்லை. சீடர் நிமிர்ந்து பார்க்கிறார்கள், அங்கே இயேசு மட்டும் நிற்கிறார்.