அம்மா பிறந்த வருஷமும் பிளாக்செயினும்

அம்மா பிறந்தது 1956-ல். திருமங்கலத்தில் அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் கம்ப்யூட்டரில் 1965 என்று இருக்கிறது. லெட்ஜரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய காலத்தில் யாரோ கடைசி இரண்டு எண்ணையும் இடம் மாற்றித் தட்டிவிட்டார்கள், அதனால் அறுபது தாண்டியவர்களுக்கு டெபாசிட்டில் கிடைக்கிற கூடுதல் அரை சதவீத வட்டி அவருக்கு இத்தனை வருஷமாக வரவே இல்லை. போன மாதம் கூட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் உள்ளே போய் அரை மணி நேரம் தேடி, கணக்கு ஆரம்பித்தபோது எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்த பழுப்புத் தாள். அதில் அப்பாவின் கையெழுத்தில், நீல மையில், 1956. அம்மா அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

இதைக் கேட்டதும் மச்சினன், "இதுக்குத்தான் மச்சான், பழைய சிஸ்டத்தை எல்லாம் தூக்கிட்டு பிளாக்செயின் போடணும்" என்றான். ஐ.டி.யில் இருக்கிறவன், ஆசையாகத்தான் சொல்கிறான். எனக்கு ஒப்பவில்லை.

பிளாக்செயின் என்பது பல பேர் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளும் கணக்கேடு. ஒருவரை ஒருவர் நம்பாத நாலு பேர் சேர்ந்து எழுதும்போது அதற்கு வேலை இருக்கிறது. அம்மா கணக்கை எழுதுவது ஒரே ஒரு வங்கி. 1965 என்று தட்டியிருந்தால் அதையும் பிளாக்செயின் பத்திரமாகப் பூட்டித்தான் வைக்கும். அப்புறம் திருத்தப் பதிவு ஒன்று சேர்க்கலாம், சரி, ஆனால் எது நிஜம் என்று சொல்ல அந்தப் பழுப்புத் தாளும் அதைத் தேடி எடுக்க ஒரு மனுஷரும் வேண்டுமே.

ஆஸ்திரேலியப் பங்குச்சந்தை பங்கு வாங்கி விற்ற கணக்கை முடித்துவைக்க 1994-லிருந்து ஓடுகிற செஸ் (CHESS) என்ற சிஸ்டத்துக்குப் பதிலாக பிளாக்செயின் கொண்டுவரப்போவதாக 2017-ல் அறிவித்தது. ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, 2022 நவம்பரில் கைவிட்டார்கள். நஷ்டம் சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர். அடுத்த வருஷம் அந்த வேலைக்கு நம் ஊர் டி.சி.எஸ். நிறுவனத்தின் பேங்க்ஸ் (BaNCS) என்ற, பிளாக்செயின் இல்லாத மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊரில் 2016-ல் வந்த யு.பி.ஐ.யைப் பாருங்கள், வங்கிகளின் பழைய சிஸ்டங்களைப் பிடுங்கிப் போடாமல் அவற்றின் மேலேயே ஓடுகிறது. சிம்மக்கல் டீக்கடையில் பதினைந்து ரூபாய் கொடுத்தால் டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் பெட்டி சத்தம் போட்டுச் சொல்லிவிடுகிறது.

அம்மாவின் பிறந்த வருஷத்தை மேனேஜர் பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டார். முதிர்ந்து முடிந்த டெபாசிட்டுகளுக்கு விட்டுப்போன வட்டியை மட்டும் கிளையில் போட முடியாதாம், தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார். அந்த விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் ஒன்று கேட்டு வாங்கி அம்மா பீரோவில் வைத்திருக்கிறார்.