கையெழுத்துக்குப் பிறகு வரும் வேலை

பருவநிலை மாநாடு, மேயர்கள் கூட்டமைப்பு, தொழிலதிபர்களின் கூட்டறிக்கை என்று ஆண்டுதோறும் வாக்குறுதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. இத்தகைய வாக்குறுதிகளைச் சரிபார்த்துப் பழகியவர்கள் அவற்றை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை, நேராகப் பின்னிணைப்புக்குப் போவார்கள். எந்த ஆண்டோடு ஒப்பிடப்போகிறார்கள், எதைக் கணக்கில் சேர்த்து எதை விட்டிருக்கிறார்கள், செலவு யார் தலையில், சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இருக்காது.

கார்பன் இலக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்தின் உமிழ்வை, அதாவது அது வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களை, மூன்று ஸ்கோப்களாக (வரம்புகளாக) பிரிப்பது, 2001-இல் வெளியான ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்ற கணக்கு நெறிமுறை கொண்டுவந்த வழக்கம். சொந்த பாய்லரிலும் ஜெனரேட்டரிலும் வண்டிகளிலும் எரிவது ஸ்கோப் 1. விலைக்கு வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. வாங்கும் மூலப்பொருளில் தொடங்கி, விற்ற பொருளை வாடிக்கையாளர் பயன்படுத்தும்போது வெளியாவது வரை மிச்சமெல்லாம் 15 வகைகளாக ஸ்கோப் 3. முதல் இரண்டில் தகராறு குறைவு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் என்றால் 268 டன். பில்கள் கையில் இருந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

வண்டி மாட்டிக்கொள்வது ஸ்கோப் 3-இல்தான். சப்ளையரிடமிருந்து அளவுகள் வராதபோது, செலவழித்த பணத்தை ஒரு சராசரிக் காரணியால் (இத்தனை ரூபாய்க்கு இவ்வளவு உமிழ்வு என்ற எண்ணால்) பெருக்கி உமிழ்வை மதிப்பிடுவார்கள். முதலாண்டில் எங்கே சுமை அதிகம் என்று பார்க்க இது போதும். இலக்கை அளக்க இது உதவாது. ஆயிரம் டன் எஃகு போன ஆண்டு பத்துக் கோடிக்கு வாங்கியிருந்து, விலை ஏறியதால் அதே ஆயிரம் டன் இந்த ஆண்டு பன்னிரண்டு கோடி ஆனால், ஒரு கிலோகூட அதிகம் வாங்காமலே உமிழ்வு 20 சதவீதம் கூடியதாகக் காட்டும். அதைவிட மோசம், குறைந்த கார்பனில் தயாரான எஃகு சற்று விலை கூடுதல் என்பதால், நல்லதை வாங்கினவருக்குத்தான் கணக்கில் அடி. காரணியை ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பத் திருத்தலாம்; அதனால் முதல் கோளாறு மட்டுப்படும், இரண்டாவது அப்படியே நிற்கும். பணத்தை விட்டுவிட்டு டன்னுக்கும் யூனிட்டுக்கும் மாறினால்தான் வழி.

அதற்கு எல்லா சப்ளையருக்கும் நாற்பது பக்கக் கேள்வித்தாள் அனுப்புவது வீண் வேலை. அதே சப்ளையருக்கு வேறு பத்து வாடிக்கையாளர்களிடமிருந்தும் வெவ்வேறு படிவத்தில் அதே கேள்விகள் போயிருக்கும். முதல் மதிப்பீட்டில் சுமை கூடுதலாகத் தெரிந்த சிலரை மட்டும் எடுத்து, மின்சாரம் எத்தனை யூனிட், எரிபொருள் எவ்வளவு, மொத்த உற்பத்தி எத்தனை டன், அதில் நமக்கு வந்தது எத்தனை என்று நான்கே எண்கள் கேட்டால் பதில் வரும். வந்த பதிலை அப்படியே சேர்த்துவிடவும் கூடாது. கிலோவாட் மணியை மெகாவாட் மணி என்று எழுதிவிட்டால் ஆயிரம் மடங்கு பிசகும். ஒருவர் ஜனவரி முதல் டிசம்பர் வரை கொடுத்திருப்பார், இன்னொருவர் நிதியாண்டுக்குக் கொடுத்திருப்பார். ஒரு டன் உற்பத்திக்கு எத்தனை யூனிட் என்று வகுத்து, அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களோடு வரிசையில் வைத்துப் பார்த்தால் பிசகுகள் தானாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒப்பிட எடுத்துக்கொள்ளும் அடிப்படை ஆண்டிலும் ஒரு தந்திரம் உண்டு. அதிகம் புகைவிடும் ஆலையை இன்னொருவருக்கு விற்றுவிட்டால் நிறுவனத்தின் உமிழ்வு சரசரவென இறங்கும், காற்றில் ஒரு மாற்றமும் இருக்காது. விற்றதை அடிப்படை ஆண்டிலிருந்தும் கழிக்க வேண்டும் என்பது விதி. இத்தகைய மாற்றம் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால் பழைய எண்ணைத் திருத்துவது என்று பலரும் வரம்பு வைத்திருக்கிறார்கள். அறிக்கையில் அந்த வரம்பே குறிப்பிடப்படவில்லை என்றால் மேற்கொண்டு படிக்கும்போது எச்சரிக்கை தேவை. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தும் பாதைக்கு ஒத்துப்போக ஆண்டுக்கு 4.2 சதவீதம் நேர்கோட்டில் குறைக்க வேண்டும் என்று, நிறுவனங்களின் இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்.பி.டி.ஐ. அமைப்பு கேட்கிறது. பத்தாண்டில் 42 சதவீதம். ஆலையை விற்று அதில் பாதியைக் காட்டிவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இத்தனையும் நிறுவனத்தில் சுற்றுச்சூழல் விஷயங்களைப் பார்க்கும் நிலைத்தன்மைப் பிரிவு மட்டுமே செய்துகொண்டிருந்தால் பலன் கணக்கோடு நின்றுவிடும். எதை யாரிடம் வாங்குவது என்று முடிவெடுப்பவர் கொள்முதல் மேலாளர். அவருடைய ஊக்கத்தொகை விலை குறைப்பில் மட்டும் தொங்கினால், தலைமை அதிகாரியின் மேடைப்பேச்சு அவர் மேசை வரை வராது. மைக்ரோசாஃப்ட் 2012-இல் தன் பிரிவுகளிடம் கார்பனுக்கு உள்கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. பல நிறுவனங்கள் வைத்திருப்பது நிழல் விலை, அதாவது திட்ட மதிப்பீட்டுத் தாளில் மட்டும் வரும் எண். பிரிவின் பட்ஜெட்டிலிருந்து உண்மையில் பணம் போகும்போது மேலாளர் விசாரிக்கிறார். நிழல் விலைக்காக யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

கையெழுத்துக்குப் பல் முளைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வங்கதேச உடன்படிக்கையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன, தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அந்தக் கட்டடத்துத் தொழிற்சாலைகளில் சில ஏற்கெனவே, வேலைச் சூழலைச் சோதிக்கும் சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவை. கட்டடத்தின் உறுதி அந்தத் தணிக்கையின் வரம்பில் இல்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன 'எதைச் சேர்த்து எதை விட்டார்கள்' என்ற கேள்வி இங்கே உயிரோடு விளையாடியது.

அடுத்த மாதமே ஆடை பிராண்டுகளும் இன்டஸ்ட்ரிஆல், யு.என்.ஐ. என்ற இரு உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஐந்தாண்டு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பின்னர் அதில் 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன, சுமார் 1,600 தொழிற்சாலைகள் அதன் கீழ் வந்தன. அதன் ஷரத்துகள்தான் பார்க்க வேண்டியவை. தீ, மின்சாரம், கட்டட அமைப்பு மூன்றையும் பிராண்டுக்கோ ஆலை முதலாளிக்கோ கட்டுப்படாத பொறியாளர்கள் சோதிப்பார்கள். குறைகளின் பட்டியலும் திருத்தும் கெடுவும் பொதுவெளியில் வரும். திருத்தாத ஆலையிலிருந்து எல்லாப் பிராண்டும் விலக வேண்டும். திருத்துவதற்காக மூடினால் தொழிலாளிக்கு ஆறு மாதம் வரை சம்பளம் நிற்காது. ஆபத்து என்று தோன்றினால் உள்ளே போக மறுக்கலாம், அதற்காக வேலை போகாது. செலவைத் தாங்கும் நிலையில் ஆலை இருக்கும்படி, விலையிலோ கடனிலோ முன்பணத்திலோ பிராண்ட் வழிசெய்ய வேண்டும். தகராறு வந்தால் நடுவர் மன்றம், அதன் தீர்ப்பை நீதிமன்றத்தில் அமல்படுத்தலாம்.

சோதனையில் வந்த குறைகள் பெரிய அறிவியல் எதுவும் இல்லை. வெளியேறும் வழியில் பூட்டக்கூடிய இழுவைக் கதவு, மாடிப்படிக்குத் தீத்தடுப்புக் கதவே இல்லாதது, மின்பெட்டிக்குள் அடைந்த பஞ்சுத் தூசி, தாங்கும் எடை எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடாத தளத்தில் அடுக்கிய துணி மூட்டைகள். தூசியைத் துடைப்பதும் மூட்டையை நகர்த்துவதும் உடனே முடிந்தன. தீ எச்சரிக்கை அமைப்பும் தூண்களை வலுப்படுத்துவதும் இழுத்தன. வடிவமைப்பு ஒப்புதல் வேண்டும், சான்றிதழ் பெற்ற உபகரணம் வெளியிலிருந்து வர வேண்டும், உற்பத்தியைப் பகுதி பகுதியாக நிறுத்த வேண்டும். பணம் எங்கே என்ற கேள்வியும் கூடவே வந்தது. 2018 தொடக்கத்தில், நடுவர் மன்றத்துக்குப் போன வழக்கு ஒன்றில் ஒரு பன்னாட்டு பிராண்ட் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி, 150-க்கும் மேற்பட்ட ஆலைகளின் குறைகளைத் திருத்த. தன்னார்வ அறிக்கையில் இப்படி ஒரு வரி எழுத யாருக்கும் வாய்ப்பே இல்லை.

இதற்கு நேர் எதிரே, 2021 ஏப்ரலில் தொடங்கிய வங்கிகளின் நெட் ஜீரோ (நிகர உமிழ்வைப் பூச்சியமாக்கும்) கூட்டணி. உறுப்பினர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அரசியல் காற்று மாறியதும் 2024 கடைசியில் பெரிய அமெரிக்க வங்கிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின, 2025 அக்டோபரில் கூட்டணி செயல்பாட்டை நிறுத்திக்கொண்டது. உள்ளே வர ஒரு கடிதம், வெளியே போகவும் ஒரு கடிதம் என்றால் இதுதான் நடக்கும்.

நகரங்களின் சிக்கல் வேறு ரகம். வறட்சியில் சிக்கிய தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் தண்ணீர் என்று வரம்பு போட்டது. அணைகளின் நீர்மட்டம் 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடி, விநியோக மையங்களில் 25 லிட்டர் வீதம் தருவதாகத் திட்டம். குழாய்களின் அழுத்தத்தைக் குறைத்தார்கள், வரம்பை மீறிய வீடுகளுக்கு நீரை மட்டுப்படுத்தும் கருவி பொருத்தினார்கள், எந்த வீடு வரம்புக்குள் இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டார்கள். விவசாயிகள் சங்கம் ஒன்று தன் சேமிப்பிலிருந்து 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் திறந்துவிட்டது. மழையும் வந்தது, குழாய்கள் மூடப்படவில்லை.

அதிகம் பேசப்படாதது அதன் வரவு செலவு. நீர்வாரியத்தின் வருமானம் விற்ற தண்ணீரைப் பொறுத்தது. மக்கள் பாதியாகக் குறைத்தால் வருமானமும் விழும், ஆனால் குழாய், பம்பு, ஊழியர் சம்பளம் எதுவும் பாதியாவதில்லை. 2018 ஜூலையிலிருந்து இணைப்புக் குழாயின் விட்டத்துக்கு ஏற்ப நிலைக் கட்டணம் வந்தது. சிக்கனமாக இருந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு கூடுதல் பில் என்று ஆத்திரம் எழுந்ததில் வியப்பில்லை. கட்டண அமைப்பை வறட்சிக்கு முன்பே மாற்றியிருந்தால் கசப்பு குறைந்திருக்கும். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனிலும் கயிறு பணத்தில்தான் அறுந்தது. 2025-க்குள் கார்பன் சமநிலை என்று 2012-இல் திட்டமிட்ட நகரம், 2022-இல் அந்த ஆண்டைக் கைவிட்டது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் கார்பனைப் பிடிக்கும் பகுதிக்கு அரசு நிதி பெறும் தகுதி கிடைக்கவில்லை. இலக்கின் பெரிய துண்டு, நகரத்தின் கையில் இல்லாத கஜானாவை நம்பியிருந்தது.

வாக்குறுதியின் கால அளவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. மெர்க் மருந்து நிறுவனம் 1987-இல், புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோய்க்கான ஐவர்மெக்டின் மருந்தை, தேவைப்படும் அளவுக்குத் தேவைப்படும் காலம் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. கேட்க மேடை வசனம் போல இருந்தாலும் அதில் 'காலம் வரை' என்பதற்குக் காரணம் புழுவின் உடலில் இருக்கிறது. மருந்து குட்டிப் புழுக்களைத்தான் கொல்லும். தாய்ப்புழு பத்துப் பதினைந்து ஆண்டு உயிரோடு இருந்து மறுபடி குட்டி போடும். ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணையாக, அந்தத் தலைமுறை செத்து ஒழியும் வரை கொடுத்தாக வேண்டும். ஐந்தாண்டுத் திட்டம், ஐந்தாண்டு நன்கொடை என்ற வழக்கமான சட்டகத்துக்குள் போட்டிருந்தால் அத்தனை மாத்திரையும் வீணாகியிருக்கும்.

விநியோகமும் அதே நிதானத்தோடு அமைந்தது. எடை பார்க்கும் கருவி எல்லாக் கிராமத்திலும் கிடைக்காது என்பதால் கோடு போட்ட குச்சியால் உயரத்தை அளக்கிறார்கள்: 90 முதல் 119 செ.மீ. வரை 3 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 140 வரை இரண்டு, 158 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. 90-க்குக் கீழே இருக்கும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கடும் நோயாளிக்கும் கொடுப்பதில்லை. கொடுப்பவரைக் கிராமமே தேர்ந்தெடுக்கிறது. லோவா லோவா என்ற இன்னொரு புழு மிகுந்த பகுதிகளில் இதே மருந்து மூளையைப் பாதிக்கக்கூடும், அங்கே தனி எச்சரிக்கை. மருந்து இலவசமானாலும் கிராமம் வரை கொண்டுபோகவும் பயிற்சி தரவும் பதிவேடு வைக்கவும் பணம் வேண்டும். ஆப்பிரிக்காவில் 1995 முதல் 2015 வரை அதற்கென்றே ஒரு திட்டம் நிதி திரட்டித் தந்தது. கொலம்பியா 2013-இல் நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் முதலாவதாக நைஜர் அந்த நிலையை எட்டியது 2025 ஜனவரியில்.